தொட்டியில் தவிடு இறங்காமல் நிற்கிறது. உயரத்தைக் கூட்டினால் தள்ளுமா?

அரவை68:
நெல் சேர்த்து வைத்த இரும்புத் தொட்டியைத் தவிட்டுக்கு மாற்றியிருக்கிறோம். 1.5 மீட்டர் சதுரம், நேர்ச்சுவர் 3 மீட்டர். கீழே நான்கு பக்கமும் சரியும் புனல் 75 செ.மீ. உயரம், வாய் 25 செ.மீ. சதுரம். எல்லாம் எம்.எஸ். (சாதா இரும்பு) ஷீட். சுமார் 2 டன் தவிடு பிடிக்கும். நெல் ஒருநாளும் நின்றதில்லை. தவிடு ராத்திரி நிரப்பிக் காலையில் கேட்டை (அடிவாய்க் கதவை) திறந்தால் ஒரு கூடை கொட்டிவிட்டு நின்றுவிடுகிறது. தட்டினால் நடுவில் மட்டும் கிணறு மாதிரிக் குழி விழுகிறது, சுற்றிலும் சுவரோடு அப்படியே நிற்கிறது. இன்னும் 1.5 மீட்டர் மேலே ஏற்றினால் பாரம் அழுத்தித் தள்ளிவிடும் என்கிறார் பட்டறைக்காரர். ஏற்றலாமா? புழுங்கல், பச்சை இரண்டும் அரைக்கிறோம்.

சரிவுக்கோணம்:
ஏற்ற வேண்டாம் சார். பாரம் நீங்கள் நினைக்கிற இடத்துக்கு வந்து சேராது. தண்ணீரில் ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடிக்கொண்டே போகும். தானியமும் தூளும் அப்படி இல்லை. சுவரோடு உராய்ந்து தன் எடையில் பெரும்பங்கைச் சுவர் மேலேயே ஏற்றிவிடும். 1895-ல் ஜான்சென் என்ற ஜெர்மானியப் பொறியாளர் தானியத் தொட்டிகளில் அளந்து காட்டிய விஷயம் இது. சுவர் உராய்வு 0.4, பக்க அழுத்த விகிதம் (கீழ்நோக்கிய அழுத்தத்தில் பக்கச் சுவரில் விழும் பங்கு) 0.45 என்று வைத்துக் கணக்குப் போட்டால், உங்கள் தொட்டியின் அகலத்துக்கு முதல் 2 மீட்டரிலேயே அடி அழுத்தம் அதன் உச்சவரம்பில் (எவ்வளவு ஏற்றினாலும் தாண்டாத அளவில்) 62 சதவீதத்தைத் தொட்டுவிடும். 4 மீட்டரில் 85, 6 மீட்டரில் 94. மேலே ஏற்றும் தவிட்டின் பாரம் பெரும்பாலும் சுவர் ஷீட்டைத்தான் நசுக்கும். வாய்க்கு வந்து சேரும் கொஞ்ச அழுத்தமும் தவிட்டை இறுக்கி இன்னும் கெட்டியாக்கும்.

நெல் இறங்கியதற்குக் காரணம், மணிகள் தனித்தனியானவை, ஒன்றோடொன்று ஒட்டாதவை. வாய், மணியைப்போல் ஆறேழு மடங்கு இருந்தாலே போதும். தவிடு செதிலும் தூளும் எண்ணெயும் கலந்த சரக்கு. அழுத்தி வைத்தால் தன் காலிலேயே நிற்கும் வலு வந்துவிடுகிறது. கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கித் திறந்து பாருங்கள், உருண்டை உடையாமல் நிற்கும். அந்த வலுதான் வாய்க்கு மேலே வளைவு கட்டுகிறது. ராத்திரி முழுக்கப் பாரத்தில் கிடந்தால் வலு இன்னும் கூடும், அதனால்தான் காலையில் மோசம்.

அடுத்தது மூலை. உங்கள் அளவுகளின்படி புனல் சுவர் சுமார் 50 டிகிரி. ஆனால் இரண்டு சரிவுகள் சேரும் மூலைக்கோட்டின் சரிவு 40 டிகிரிதான். பட்டறையில் எல்லோரும் சுவரைத்தான் அளப்பார்கள், சரக்கு தங்குவது மூலையில். சுவரை 60 டிகிரி ஆக்கினாலும் மூலை 51-க்குத்தான் வரும்.

ஷீட் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். 10 செ.மீ. பி.வி.சி. குழாயில் 3 செ.மீ. உயரத்துக்கு ஒரு வளையம் வெட்டி, ஷீட் துண்டின் மேல் வைத்துத் தவிட்டை நிரப்புங்கள். மேலே 2 கிலோ பாரம் வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் வளையத்தை ஒன்றிரண்டு மி.மீ. தூக்கி, ஷீட்டில் படாமல் விட்டு, பாரத்தோடேயே ஷீட்டை மெதுவாகச் சாய்த்து, வழுக்கத் தொடங்கும் கோணத்தை அளக்கவும். துருப்பிடித்த எம்.எஸ்., எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு), யு.எச்.எம்.டபிள்யூ. (வழுவழுப்பான உள்பூச்சுத் தகடு) பிளாஸ்டிக் மூன்றிலும் செய்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். புனலில் பக்கங்கள் சரக்கை நெருக்குவதால், வந்த கோணத்துக்கு மேல் 10 டிகிரியாவது கூட்டி வையுங்கள்.

எண்ணெய்ப்பக்கம்:
சுவரோரம் நிற்கும் சரக்கைச் சும்மா விடாதீர்கள். நடுக்கிணறு வழியாக இன்று போட்டது இன்றே போகும், ஓரத்தில் போன வாரத்தது கிடக்கும். பச்சரிசித் தவிட்டில் அரைத்த உடனே, எண்ணெயைச் சிதைக்கும் லைபேஸ் நொதி வேலையைத் தொடங்கிவிடும். கொழுப்பு அமிலம் நாளுக்கு நாள் ஏறும், எண்ணெய் ஆலையில் விலை இறங்கும். புழுங்கலில் வேகும்போதே அந்த நொதி அடங்கிவிடுவதால் அவ்வளவு அவசரமில்லை. ஆனால் அதில் எண்ணெய் அதிகம், ஒட்டலும் அதிகம். இரண்டையும் ஒரே தொட்டியில் மாற்றி மாற்றிப் போடாதீர்கள்.

அரவை68:
நன்றி. மூலைக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. புனலை மாற்றுவதானால் எந்த வடிவம்? அதுவரை வைப்ரேட்டர் போடலாமா? கீழே ஸ்க்ரூ கன்வேயர் (சுழலும் திருகால் சரக்கைத் தள்ளிச் செல்வது) இருக்கிறது.

சரிவுக்கோணம்:
கூம்பும் வேண்டாம், நாலு பக்கச் சரிவும் வேண்டாம். இரண்டு எதிர்ச்சுவரை நேராகவே இறக்கி, மற்ற இரண்டை மட்டும் சரியுங்கள். வாய் 25 செ.மீ. அகலம், 1.5 மீட்டர் நீளம். ஒட்டும் சரக்கு வட்ட வாயில் வளைவு கட்டாமலிருக்க எவ்வளவு விட்டம் வேண்டுமோ, அதில் ஏறக்குறையப் பாதி அகலமே நீள வாய்க்குப் போதும். சாய்ந்த மூலையும் இல்லாமல் போகும். 65 டிகிரிக்குப் புனல் 1.34 மீட்டர், 70-க்கு 1.72 மீட்டர் உயரம் வேண்டும். தொட்டியைத் தூக்க இடமில்லையென்றால் நேர்ச்சுவரைக் குறையுங்கள்.

உள்ளே ஷீட் இணைப்பில் மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் ஓடு வேய்வதுபோல் படிய வேண்டும். கேட்டைப் பொருத்தும் விளிம்பு (பிளேஞ்ச்) 5 மி.மீ. உள்ளே நீட்டிக்கொண்டிருந்தாலும் அங்கிருந்தே படிய ஆரம்பிக்கும். கேட்டைப் பாதி திறந்து வேகத்தைக் குறைக்காதீர்கள். கேட் முழுக்கத் திறந்திருக்கட்டும், வேகத்தை ஸ்க்ரூ பார்த்துக்கொள்ளும்.

அந்த ஸ்க்ரூவிலும் கவனம். புரி இடைவெளி (திருகின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள தூரம்) ஒரே அளவாக இருந்தால் பின்முனையிலேயே நிரம்பிவிடும், மீதி வாய் முழுக்கச் சரக்கு அசையாமல் கிடக்கும். தள்ளும் திசையில் இடைவெளி படிப்படியாக அகலமாகிற ஸ்க்ரூ கேளுங்கள்.

பராமரிப்பு_பிரிவு:
வைப்ரேட்டர் போட்டால் புனலின் கீழ் மூன்றில் ஒரு பங்கில், சரிவுச் சுவரில் போடுங்கள். கேட் திறந்து, ஸ்க்ரூ ஓடும்போது மட்டும் சில நொடிகள். மூடிய தொட்டியை அதிரவிட்டால் தவிட்டை நீங்களே குத்திக் கெட்டிப்படுத்துவதாகும். சுத்தியலும் வேண்டாம். ஒவ்வொரு அடியும் உள்ளே ஒரு புடைப்பு, அந்தப் புடைப்பில் அடுத்த தடவை தவிடு தங்கும்.

நின்ற தவிட்டை இடிக்க யாரையும் உள்ளே இறக்காதீர்கள். மேலே கெட்டித் தரை மாதிரித் தெரியும், அடியில் வெற்றிடம் இருக்கும். வளைவு உடைந்தால் ஆள் நொடிகளில் புதைந்துபோவார். வெளியே நின்று, மேலிருந்து நீளக் கழியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உடைத்து வாருங்கள். புனலை வெட்டும் நாளன்று தொட்டியையும் எலிவேட்டரையும் காலி செய்து, படிந்த தூசியைத் துடைத்தெடுத்த பிறகே வெல்டிங். தவிட்டுத் தூசி காற்றில் எழுந்தால் ஒரு பொறியில் வெடிக்கும்.