அப்டேட்: 100 அடி ரப்பர் ஓஸ் வாங்கியாச்சு

மொட்டைமாடி டேங்க் தண்ணி தோட்டத்து கடைசி மாமரம் வரைக்கும் போகமாட்டேங்குது, என்ன ஓஸ் வாங்கலாம்னு போன மாசம் கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

அரை இஞ்ச் வேண்டாம், முக்கால் இஞ்ச் எடுங்கன்னு ஒருத்தர் சொன்னாரு பாருங்க, அதான் வொர்க் ஆச்சு. நான் பிரஷர் பம்ப் வாங்குற முடிவுல இருந்தேன், நல்லவேளை. பழைய அரை இஞ்ச்ல 15 லிட்டர் பக்கெட் நிரம்ப கிட்டத்தட்ட 2 நிமிஷம், இப்போ அதே நீளத்துக்கு 45 செகண்ட் கூட ஆகல. ஆனா டேப்பும் முக்கால் இஞ்சா மாத்தணும், அரை இஞ்ச் டேப்ல ரெடியூசர் (ரெண்டு வேற அளவை இணைக்கிற துண்டு) போட்டு மாட்டினப்போ இவ்வளவு வரல. உள்ள நூல் பின்னின ரப்பர்ங்கறதால மடங்கி அடைச்சுக்கறதும் இல்ல.

எதிர்பார்க்காதது வெயிட்டுதான். உள்ள நிக்கிற தண்ணியே எட்டரை லிட்டர் வருது, அம்மாவால இழுக்க முடியல, அதனால 50 அடியா ரெண்டா வெட்டி நடுவுல கழட்டி மாட்டுற ஜாயின்ட் போட்டுட்டேன். இன்னொன்னு, கறுப்பு ஓஸ் வெயில்ல கிடந்தா முதல்ல வர்ற தண்ணி கொதிக்குது, கத்தரி நாத்து நாலு கருகிடுச்சு.