ஸ்டான்ஃபோர்டில் நான் பார்த்த லிண்ட்சே டேவன்போர்ட்

டென்னிஸில் வீனஸ் வில்லியம்ஸையும் செரீனாவையும் நேரில் பார்த்த அனுபவத்தை இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். நான் இன்னொரு அமெரிக்க வீராங்கனை லிண்ட்சே டேவன்போர்ட்டைப் பற்றி எழுதுகிறேன்.

2004 ஜூலை, கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த டென்னிஸ் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரில் வீனஸ். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் டேவன்போர்ட் விம்பிள்டன் அரையிறுதியில் முதல் செட்டை எடுத்தும் 17 வயது மரியா ஷரபோவாவிடம் தோற்றிருந்தார். இதுவே தன் கடைசி விம்பிள்டனாக இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். அதனால் இனி இவரைப் பார்க்கக் கிடைக்காது என்ற நினைப்பில்தான் டிக்கெட் எடுத்தேன்.

டிவியில் அவர் ஆட்டம் சாதாரணமாகத்தான் தெரியும். ஆறடி இரண்டு அங்குலத்துக்கும் மேல் உயரம், ஓட்டம் குறைவு, கத்தல் கிடையாது, முகத்திலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஸ்டான்ஃபோர்டு அரங்கம் சின்னது, பந்து பக்கத்திலேயே பறக்கும். அங்கே உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பந்து எழும்பும்போதே சந்தித்து, சுழற்சி அதிகம் கொடுக்காமல் தட்டையாக, கோட்டை ஒட்டி அடிப்பார். ஓட வேண்டிய வேலை முழுக்க எதிராளிக்குத்தான். வீனஸ் மாதிரி ஓடக்கூடியவரே பல பந்துகளைத் தொட முடியாமல் நின்றார். சரி, வீனஸும் லேசில் விடவில்லை. 7-6, 5-7, 7-6 என்றுதான் டேவன்போர்ட் வென்றார். கடைசி செட் 6-6 என்று சமமாகி, அதை முடிவு செய்த டை-பிரேக்கில் அரங்கமே எழுந்து நின்றது.

அப்புறம் நடந்ததுதான் அதிசயம். லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ, சின்சினாட்டி என்று அடுத்தடுத்து பட்டங்கள். ஓய்வு பெறப் போகிறார் என்று நாங்கள் நினைத்தவர் அந்த வருடத்தை உலக நம்பர் ஒன்னாக முடித்தார்.

1998 யு.எஸ். ஓபனிலும் 2000 ஆஸ்திரேலிய ஓபனிலும் மார்ட்டினா ஹிங்கிஸை, 1999 விம்பிள்டனில் ஸ்டெஃபி கிராஃபை, மூன்று இறுதி ஆட்டங்களிலும் ஒரு செட்டையும் இழக்காமல் வென்றவர் இவர். அதற்குப் பிறகு இந்த மாதிரி கிராண்ட் ஸ்லாம் எனும் பெரிய பட்டம் எதையும் ஒற்றையரில் வெல்லவில்லை என்பதை ஒரு குறையாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான்கு வருடங்களை நம்பர் ஒன்னாக முடிக்க வேண்டுமென்றால் வாராவாரம் ஜெயித்தாக வேண்டும்.

2005 விம்பிள்டன் இறுதி மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. கலிஃபோர்னியாவில் காலை ஆறு மணி, டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மறுபடியும் வீனஸ்தான். மூன்றாவது செட்டில் டேவன்போர்ட் முதுகுவலிக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டு வந்து ஆடினார். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற மேட்ச் பாயின்ட்டும் அவருக்கு வந்தது. வீனஸ் அடித்த ஒரு பேக்ஹேண்டில் அது போய்விட்டது. 2 மணி 45 நிமிடம் ஆடி, கடைசி செட் 9-7 என்று கை நழுவியது. அந்த பேக்ஹேண்டைக் குறை சொல்ல முடியாது, அவ்வளவு துணிச்சலான அடி.

2007 ஜூனில் மகன் பிறந்து, மூன்றே மாதத்தில் பாலியில் ஒற்றையர் பட்டம் வென்றார். அந்தப் போட்டியை நேரில் பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் அவசியம் எழுதுங்கள். அவர் எப்படி ஆடினார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.