வஞ்சிரம் வறுவல், ஏர் ஃப்ரையரில்: புதுப்பிப்பு

போன வாரம் புலம்பியிருந்தேனே, ஏர் ஃப்ரையரில் (சூடான காற்றைச் சுழலவிட்டு வறுக்கும் மின்சாதனம்) வைத்த வஞ்சிரத் துண்டுகள் சக்கையாக வறண்டு, மசாலா பாதி கூடையிலேயே ஒட்டிக்கொண்டது என்று, அது சரியாகிவிட்டது. தப்பு என் பேரில்தான். மீன்காரரிடம் மெல்லிசாக வெட்டச் சொன்னது ஒன்று, கழுவிய ஈரத்தோடு மசாலா தடவியது இன்னொன்று.

இந்த முறை ஏறக்குறைய 2 செ.மீ. தடிமனில் வெட்டி வாங்கி, ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றி எடுத்துவிட்டு, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு, ஒரு ஸ்பூன் அரிசி மாவு எல்லாவற்றையும் எண்ணெய் விட்டுக் கெட்டியாகக் குழைத்துத் தடவி அரை மணி நேரம் ஊறவைத்தேன். காலிக் கூடையை 3 நிமிடம் சூடாக்கி எண்ணெய் தடவிக்கொண்டேன். 200 டிகிரிக்குப் பதில் 180, மொத்தம் 11 நிமிடம், ஏழாவது நிமிடத்தில் ஒரே ஒரு தடவை திருப்பினேன். அதற்கு முன்னால் தொட்டால் ஒட்டும். துண்டுகளுக்கு நடுவே காற்றுப் போக இடம் வேண்டும், அதனால் ஒரு தடவைக்கு நான்குதான்.

கறிவேப்பிலையை மட்டும் மேலே தூவிவிடாதீர்கள், காற்றில் பறந்து மேலே இருக்கும் சூடேற்றும் கம்பியில் போய்க் கருகுகிறது. தோசைக்கல்லில் வரும் அந்த ஓரத்து முறுகல் வரவில்லைதான். ஆனால் உள்ளே பஞ்சு மாதிரி இருந்தது, அம்மாவே இரண்டாவது துண்டு கேட்டார்.