விண்டோஸ் ரீசெட் பாதியில் நின்று பழைய நிலைக்கே திரும்புகிறது. என்ன செய்யலாம்?

தூக்கணாங்குருவி

அனைவருக்கும் வணக்கம். மூன்று நாளாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

லேப்டாப் ஆறு வருடப் பழசு. விண்டோஸ் 10, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். நான் வேறு வாங்கிவிட்டதால் இதைச் சுத்தம் செய்து அக்கா மகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று ரெக்கவரி பக்கத்துக்குப் போய் ‘ரீசெட் திஸ் பிசி’ கொடுத்தேன். என் படங்கள், கோப்புகள் எல்லாம் இன்னும் இதில்தான் இருக்கின்றன. அதனால் ‘கீப் மை ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுத்தேன்.

34 விழுக்காடு வரை போனது. பிறகு ஒன்றரை மணி நேரம் அசையவே இல்லை. அப்புறம் ‘அன்டூயிங் சேஞ்சஸ்’ என்று வந்து பழைய விண்டோஸே திறந்தது. ரீசெட் செய்வதில் சிக்கல், எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என்று ஒரு செய்தி மட்டும். இரண்டாவது தடவையும் அதே 34. மூன்றாவது தடவை இரவு முழுக்க விட்டுப் பார்த்தேன், காலையில் அதே கதை.

‘ரிமூவ் எவ்ரிதிங்’ கொடுத்தால் ஒழுங்காகப் போகுமா? கொடுக்கப் பயமாகவும் இருக்கிறது.

அரைத்தூக்கம்

எந்த ரீசெட் கொடுத்தீர்கள், ‘லோக்கல் ரீஇன்ஸ்டால்’தானே? விண்டோஸ் 10 வந்ததிலிருந்து அதற்கென்று தனியாகப் புத்தம்புதிய பிரதி எதுவும் கணினியில் ஒளித்து வைக்கப்படுவதில்லை. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் கோப்புகளை எடுத்துத்தான் புதியதைக் கட்டுகிறது. பழைய வீட்டுச் செங்கலை உருவிப் புது வீடு கட்டுவது மாதிரி. செங்கல் உளுத்திருந்தால் பாதியில் நிற்கும்.

‘க்ளவுட் டவுன்லோடு’ கொடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 4 ஜிபி இறங்கும். சார்ஜர் செருகியே இருக்கட்டும். வேறு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள்.

தூக்கணாங்குருவி

நன்றி. செய்து பார்த்தேன். 4 ஜிபி டேட்டா போனதுதான் மிச்சம். இந்தத் தடவை 41 வரை போய்த் திரும்பிவிட்டது. ஏழு விழுக்காடு முன்னேற்றம் என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

பழைய கீபோர்டு

தயவுசெய்து இத்தோடு நிறுத்துங்கள். ஐந்தாவது முயற்சி வேண்டாம், ‘ரிமூவ் எவ்ரிதிங்’ வேண்டவே வேண்டாம்.

க்ளவுட் டவுன்லோடும் அதே மாதிரி விழுகிறது என்றால் விண்டோஸ் கோப்புகளை மட்டும் குறை சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டில் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட் ரீசெட்டையே முடக்கியது. ஆனால் ஒரே வாரத்தில் திருத்தம் வந்துவிட்டது. நீங்கள் கடைசிவரை அப்டேட் போட்டிருந்தால் அதையும் ஒதுக்கிவிடலாம். எனக்குச் சந்தேகம் டிஸ்க் மேல்தான். ரீசெட் என்றால் ஏதோ அழித்துவிட்டு எழுதுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது பழையதை வைத்துக்கொண்டே பக்கத்தில் புதியதைத் தயார் செய்கிறது, டிரைவர்களையும் உங்கள் கோப்புகளையும் அங்கே நகர்த்துகிறது, கடைசியில்தான் மாற்றுகிறது. நடுவில் ஏதோ ஓரிடத்தைப் படிக்க முடியவில்லை என்றால் மொத்தத்தையும் பின்வாங்கிவிடும். ஒவ்வொரு முயற்சியிலும் டிஸ்க் மணிக்கணக்கில் படித்து எழுதுகிறது. சாகக் கிடக்கும் டிஸ்க் என்றால் நாமே குழி தோண்டுகிறோம்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். அங்கே ‘டிஸ்க்’ என்ற பெயரில், எண் 7 போட்ட பிழைகள் இருக்கின்றனவா? அடுத்து, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளில் (டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களின் கணக்கு அவை) கடைசிக் கட்டத்தில் என்ன இருக்கிறது? மூன்றாவது, லேப்டாப்பை அமைதியான அறையில் வைத்துக் காது கொடுத்துக் கேளுங்கள்.

சுண்டெலி

எனக்கும் இதே பிரச்சினைதான்! ரீசெட் கொடுத்தாலே ரெக்கவரி சூழல் கிடைக்கவில்லை என்று வருகிறது. விண்டோஸ் 11, எஸ்எஸ்டி. மேலே சொன்னதையெல்லாம் நானும் செய்ய வேண்டுமா?

பழைய கீபோர்டு

சுண்டெலி, உங்களுடையது வேறு நோய். அவருக்கு ஆரம்பித்துப் பாதியில் நிற்கிறது, உங்களுக்கு ஆரம்பிக்கவே இல்லை. ரெக்கவரி சூழல் என்பது ரீசெட்டை நடத்தும் தனிக் குட்டி விண்டோஸ். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து ‘ரீஏஜென்ட்சி /இன்ஃபோ’ என்று கொடுங்கள் (ஆங்கில எழுத்தில்தான். ரீஏஜென்ட் என்ற சொல்லோடு கடைசியில் ஒரு சி ஒட்டியிருக்கும், நடுவில் இடைவெளி வராது). முதல் வரியில் எனேபிள்டா, டிஸேபிள்டா?

ஒரு கேள்வி, கோபப்படாதீர்கள்: டிஸ்க் மேனேஜ்மென்டில் சும்மா கிடக்கிறதே என்று ஐந்நூறு, அறுநூறு எம்பி உள்ள ஒரு பார்ட்டிஷனை (டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி) எப்போதாவது அழித்தீர்களா?

சுண்டெலி

டிஸேபிள்டு. பார்ட்டிஷன்... ஆமாம். போன வருடம் சி டிரைவைப் பெரிதாக்கும்போது குறுக்கே ஒன்று நின்றது. பெயர்கூட இல்லாமல் இருந்ததே!

பழைய கீபோர்டு

பெயர் இல்லாத அதுதான் ரெக்கவரி. சரி, பரவாயில்லை, எத்தனையோ பேர் செய்ததுதான்.

முதலில் ‘ரீஏஜென்ட்சி /எனேபிள்’ கொடுத்துப் பாருங்கள். சில சமயம் அதிலேயே சரியாகிவிடும். ரெக்கவரி ‘இமேஜ்’ கிடைக்கவில்லை என்று சொன்னால் வின்ஆர்ஈ.விம் என்ற கோப்பே போய்விட்டது என்று அர்த்தம். விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்குள் (மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கும் இன்ஸ்டால் கோப்பு) இன்ஸ்டால்.விம் இருக்கும். அதை 7-ஜிப்பில் திறந்து, சிஸ்டம்32-க்குள் ரெக்கவரி ஃபோல்டரில் இருக்கும் அந்தக் கோப்பை எடுத்து, உங்கள் கணினியில் அதே இடத்தில் வைத்துவிட்டு மறுபடி எனேபிள் செய்ய வேண்டும்.

ஆனால் ரீசெட் செய்வது மட்டும்தான் நோக்கம் என்றால் இவ்வளவு தூரம் சுற்ற வேண்டாம். அதே ஐஎஸ்ஓவை விண்டோஸுக்குள்ளேயே இரட்டை கிளிக் செய்தால் ஒரு டிரைவ் போலத் திறக்கும். உள்ளே இருக்கும் செட்டப்பை ஓடவிடுங்கள். எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும் இடத்தில் கோப்புகள் மட்டும் என்றோ, ஒன்றுமே வேண்டாம் என்றோ தேர்ந்தெடுக்கலாம். பலன் கிட்டத்தட்ட ரீசெட்தான், பழைய ரெக்கவரி சூழலை அது எதிர்பார்ப்பதில்லை. ஓடவிடும் முன் முக்கியமானதற்கு வெளியே ஒரு பிரதி இருக்கட்டும்.

தூக்கணாங்குருவி

பார்த்துவிட்டேன். எண் 7 பிழை பக்கம் பக்கமாக இருக்கிறது, ‘பேட் பிளாக்’ என்று. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள் நிறத்தில் ‘காஷன்’ காட்டுகிறது. 05-இல் எல்லாம் பூஜ்யம். சி5-இல் நிறைய பூஜ்யத்துக்குப் பிறகு ஏ8. சி6-இலும் ஏ8. ஏ8 என்றால் என்ன, தர மதிப்பீடா?

அப்புறம், சத்தம். ‘டிக்... டிக்... டிக்’ என்று ஃபோல்டர் திறக்கும்போதெல்லாம் கேட்கிறது. பல மாதமாக உண்டு. ஃபேன் என்று நினைத்து நான் எழுதவே இல்லை.

அரைத்தூக்கம்

ஐயோ. நான் வேறு க்ளவுட் டவுன்லோடு கொடுக்கச் சொல்லி அந்த டிஸ்க்கை இன்னும் கொஞ்சம் ஓடவிட்டேன். மன்னிக்கவும்.

ஏ8 தர மதிப்பீடு இல்லை, பதினாறடிமான எண். ஏ என்றால் 10. பத்துப் பதினாறு 160, கூட்டு 8, ஆக 168. படிக்க முடியாமல் திணறும் செக்டர்கள் (டிஸ்க்கின் குட்டிக் கட்டங்கள்) 168 இருக்கின்றன. 05 பூஜ்யம் என்பதால் ஆறுதல் அடைய முடியாது. அவற்றுக்கு மாற்று இடம் இன்னும் ஒதுக்கப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் செக்டிஸ்க்கை /ஆர் போட்டு ஓட்டினால் சரியாகிவிடாதா, பழைய கீபோர்டு?

பழைய கீபோர்டு

இப்போது கூடாது. அது டிஸ்க் முழுவதையும் ஓரிடம் விடாமல் படிக்கும். இருக்கிற மூச்சையும் அதிலேயே செலவழித்துவிடும். முதல் வேலை கோப்புகளை வெளியே எடுப்பது, மற்றதெல்லாம் பிறகு.

தூக்கணாங்குருவி, விண்டோஸ் இன்னும் திறக்கிறது, அதுவே அதிர்ஷ்டம். வெளி டிஸ்க் ஒன்றைச் செருகி, எது போனால் அழுவீர்களோ அதை முதலில் எடுங்கள். மொத்த யூசர்ஸ் ஃபோல்டரையும் இழுத்துப் போடாதீர்கள். ஒரு கெட்ட கோப்பில் மாட்டினால் எல்லாமே அங்கேயே நிற்கும். ரோபோகாப்பி (விண்டோஸிலேயே இருக்கும் காப்பி கட்டளை) தெரிந்தால் நல்லது. ஆனால் /ஆர்:1 /டபிள்யூ:1 கட்டாயம் போடுங்கள். போடாவிட்டால், படிக்க முடியாத ஒரே கோப்பை 30 விநாடிக்கு ஒரு தடவை, பத்து லட்சம் தடவை வரை முயற்சி செய்யும். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதன் இயல்பான அமைப்பே அதுதான். ஒரு காலத்தில் அது தெரியாமல் ஒரு இரவு முழுக்க ஒரே கல்யாண வீடியோ முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

டிஸ்க் சூடானால் நிறுத்தி ஆறவிட்டுத் தொடருங்கள்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது விண்டோஸே திறக்கவில்லை என்றால், ரெக்கவரி திரையில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து நோட்பேட் என்று அடியுங்கள். அதில் ஃபைல், ஓப்பன் போனால் கோப்புப் பட்டியல் வரும். கீழே ‘ஆல் ஃபைல்ஸ்’ மாற்றிவிட்டு, அங்கேயே காப்பி செய்து பென்டிரைவில் ஒட்டலாம். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க எண் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

தூக்கணாங்குருவி

இரண்டு நாள் ஆனது. படங்கள் கிட்டத்தட்ட எல்லாம் வந்துவிட்டன. பதினொரு கோப்புகள் வரவில்லை. அதில் ஒன்பது நானே மறந்துபோன பழைய பாடத்திட்டங்கள். மற்ற இரண்டும் அப்பாவின் குரல் பதிவுகள். அவை தம்பியின் போனிலும் இருந்தன. அது தெரியும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இனி என்ன? இதே டிஸ்க்கில் பென்டிரைவ் மூலம் விண்டோஸ் போட்டால் ஓடுமா?

பழைய கீபோர்டு

ஓடலாம், ஒரு மாதம். படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கப் போகிறீர்கள், அந்த டிஸ்க்கோடு கொடுக்காதீர்கள். இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். அதே இடத்தில் உட்காரும். லேப்டாப் புதிது போல ஓடும் என்பது விளம்பர வார்த்தை மாதிரி இருக்கும், ஆனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மாறுகிறவர்களுக்கு உண்மையிலேயே அப்படித்தான்.

வேறு கணினியில் மீடியா கிரியேஷன் டூல் இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள பென்டிரைவில் போடுங்கள். அதில் இருப்பதெல்லாம் அழியும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் நேராக 11 போடுவதே நல்லது. ப்ராடக்ட் கீ கேட்டால் இல்லை என்று சொல்லித் தாண்டுங்கள். ஹோம் இருந்தால் ஹோம், ப்ரோ இருந்தால் ப்ரோ என்று பழைய பதிப்பையே தேர்ந்தெடுத்தால், இணையம் கிடைத்ததும் லைசென்ஸ் தானாக வந்துவிடும். அது மதர்போர்டைத்தான் அடையாளம் காண்கிறது, டிஸ்க்கை இல்லை.

தூக்கணாங்குருவி

எஸ்எஸ்டி மாட்டிவிட்டேன், நானே! ஆனால் இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது என்கிறது.

அரைத்தூக்கம்

என்ன பிராசசர்? இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ என்றால் பெரும்பாலும் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி அணைந்திருக்கும். பயாஸுக்குள் (லேப்டாப் கிளம்பும்போதே திறக்கும் அமைப்புத் திரை) செக்யூரிட்டி பக்கத்தில் பிடிடி என்ற பெயரில் ஒளிந்திருக்கும், எனேபிள் செய்யுங்கள். அங்கேயே செக்யூர் பூட்டும் யுஇஎஃப்ஐயும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

தூக்கணாங்குருவி

பத்தாம் தலைமுறை. பிடிடி அணைந்துதான் இருந்தது. போட்டதும் அந்தத் தடை போய்விட்டது. இன்ஸ்டால் அரை மணி நேரம்கூட ஆகவில்லை, லைசென்ஸும் தானாக வந்துவிட்டது. அக்கா மகள் அதற்குள் வால்பேப்பர் மாற்றிவிட்டாள். அரைத்தூக்கம், பழைய கீபோர்டு அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி.

கடைசியாக ஒன்று. அந்தப் பழைய டிஸ்க்கை அழித்துவிட்டுத் தூக்கிப் போடலாமா?

பழைய கீபோர்டு

கெட்ட செக்டர்களில் மேலெழுத முடியாமல் போகலாம், அங்கே இருப்பது அப்படியே கிடக்கலாம். அதனால் மென்பொருளால் அழிப்பதை நம்ப வேண்டாம். துணியில் நன்றாகச் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுத்தியலால் நாலு போடு போடுங்கள். லேப்டாப் டிஸ்க்குகளில் உள்ளே இருக்கும் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சில்லு தெறிக்கும். உடைந்ததைக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

சுண்டெலி

ஐஎஸ்ஓ வழி வேலை செய்துவிட்டது. இப்போது டிஸ்க் மேனேஜ்மென்டில் பெயரில்லாத குட்டிப் பார்ட்டிஷன் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. தொடவில்லை.