புவியியல் ஸ்பெஷல் முடியப்போகிறது, நேரே எம்.ஏ.யா இல்லை வேலைக்குக் காத்திருப்பதா?

மட்டு_புவியியல்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு வந்தாறுமூலை கம்பஸ் (கிழக்குப் பல்கலைக்கழகம்), கலை கலாசார பீடம், புவியியல் ஸ்பெஷல் (சிறப்புப் பட்டம்), கடைசி வருடம். ஆய்வறிக்கை மட்டும்தான் மிச்சம். கிரான் புலிபாய்ந்தகல் வீதி மாரியில் வெள்ளத்தில் மூழ்கி அந்தப் பக்கத்துச் சனம் வள்ளத்தில் போய்வருகிறதே, அதைப் பற்றித்தான் செய்கிறேன்.

டிகிரி கையில் வந்ததும் அரசாங்கம் கொடுக்கிற பட்டதாரி நியமனத்துக்குக் காத்திரு, டீச்சிங்கோ டி.ஓ.வோ (அபிவிருத்தி உத்தியோகத்தர்) ஏதாவது வரும் என்கிறார் அப்பா. சும்மா இருக்காமல் எம்.ஏ.க்குப் பதிந்துவிடு என்கிறார் மாமா. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பு காந்தி பூங்காவடியில் மாதக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். பந்தலுக்குள் இருந்த அக்காமாரைப் பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன், அதனால் காத்திரு என்று யார் சொன்னாலும் பயமாக இருக்கிறது. எம்.ஏ. செய்தால் வேலை கிடைக்குமா? கலைப்பட்டத்தோடு வேறு என்ன வழி இருக்கிறது? வெளிநாட்டில் படிக்கவும் ஆசை, ஆனால் வீட்டில் அதற்குக் காசு இல்லை. ஒளிக்காமல் சொல்லுங்கள்.

களுவாஞ்சிக்குடி_டீச்சர்:

தங்கச்சி, எதற்கு என்று தெரியாமல் எம்.ஏ.க்குப் பதிய வேண்டாம். ஆசிரியர் நியமனத்துக்குக் கேட்பது பட்டமும் போட்டிப் பரீட்சையும் நேர்முகமும். அந்த இடத்தில் எம்.ஏ. பெரிதாக உதவாது. சேர்ந்த பிறகு தேவைப்படுவது பட்டப்பின் கல்வி டிப்ளோமா, அது இல்லாமல் ஆசிரியர் சேவையில் மேலே ஏறுவது கஷ்டம். வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் அதை முடித்தவர்கள் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே பல பேர் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கல்வி முதுமாணி, கல்வி நிர்வாக சேவைச் சோதனை என்று பாதை தெளிவாக இருக்கிறது. ஆகவே படிப்பிக்கத்தான் விருப்பம் என்றால் இப்போது எம்.ஏ.க்குக் கட்டுகிற காசைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கம்பஸிலேயே விரிவுரையாளராக வர ஆசை என்றால் கதை வேறு. அங்கே பட்டத்தில் எடுத்த கிளாஸ்தான் பேசும். ஃபர்ஸ்ட் கிளாஸ், குறைந்தது செக்கண்ட் அப்பர் எடுத்தால் தற்காலிக உதவி விரிவுரையாளர் இடத்துக்கு விண்ணப்பிக்கலாம், பிறகு எம்.ஃபில். என்கிற ஆய்வுப் பட்டத்துக்குப் பதிந்து ஆய்வு நன்றாகப் போனால் அதையே பிஎச்.டி.யாக மாற்றிக்கொள்ளலாம். பாடநெறி எம்.ஏ.யும் ஆய்வுப் பட்டமும் ஒன்றில்லை, பதியும்போதே எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நியமனம் தூர இடத்தில் வந்தால் போக விடுவார்களா என்பதையும் வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். கடிதம் வந்த பிறகு அதைப் பேசுவது மிகவும் கஷ்டம்.

அக்கரைப்பற்று_டிஓ:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக் கலைப்பட்டதாரி, இப்போது அம்பாறை மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் டி.ஓ. டீச்சர் சொன்னது எல்லாம் சரி, நான் சேர்த்துச் சொல்ல வருவது மொழியைப் பற்றி.

அண்மையில் ஒரு வயதான உம்மா கடிதம் ஒன்றைக் கொண்டு வந்தார். பொலித்தீன் பைக்குள் நாலாக மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து போயிருந்தது. காணி விசயமாக ஒரு திணைக்களம் அனுப்பியது, முழுக்கச் சிங்களம். அவருக்கும் விளங்கவில்லை, கூட்டிவந்த மகனுக்கும் விளங்கவில்லை, மறுமொழி கொடுக்க வேண்டிய தவணையோ முடியப்போகிறது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது, ஆனாலும் எங்கள் பக்கத்தில் இப்படியான கடிதம் இன்னும் வருகிறது. நான் வாசித்துச் சொல்லி, தமிழில் மறுமொழி எழுதி, சிங்களத்திலும் ஒரு பிரதி போட்டுக் கொடுத்தேன். அந்த வேலையை எனக்குச் செய்ய முடிந்தது டிகிரியால் இல்லை தங்கச்சி, கம்பஸில் இருக்கும்போதே சிங்களம் படித்ததால்.

அரச வேலைக்கு வந்தால் எப்படியும் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி காட்டத்தான் வேண்டும். வந்த பிறகு தட்டுத்தடுமாறிப் படிப்பதை விட இப்போதே தொடங்கினால் டி.ஓ. மட்டுமில்லை, மொழிபெயர்ப்பாளர் சேவை, நீதிமன்ற மொழிபெயர்ப்பு, கொழும்பில் தனியார் கம்பனிகள் என்று பல இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். மூன்று மொழியிலும் பிழையில்லாமல் எழுதுகிற ஆளை எல்லாரும் தேடுகிறார்கள், இது நான் கண்ணால் காண்பது.

டி.ஓ. வேலையைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். சில இடங்களில் மேசை இருக்கும், செய்யப் பெரிதாக வேலை இருக்காது. படித்த பிள்ளைக்கு அது மனதை வருத்தும். அதனால் அதோடு நின்றுவிடாமல் நிர்வாக சேவை, திட்டமிடல் சேவை என்று திறந்த போட்டிப் பரீட்சைகளையும் எழுதுங்கள். நிர்வாக சேவைக்கு எந்தப் பாடத்தில் பட்டம் எடுத்தவரும் தோற்றலாம், எம்.ஏ. தேவையில்லை. வயதெல்லை உண்டு, எம்.ஏ. முடியட்டும் என்று தள்ளிப்போட்டு அதைக் கடந்தவர்களை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் அரச வேலை அறிவித்தல்கள் வருகிற வர்த்தமானியைப் பாருங்கள்.

கல்லடி_வெளிநாட்டில்:

தங்கச்சி, வெளிநாட்டுப் படிப்புக்கு மட்டும் சொல்கிறேன், நான் புலமைப்பரிசிலில் பிரித்தானியாவுக்கு வந்து முதுமாணி முடித்தவன். அங்கே முதுமாணி பெரும்பாலும் ஒரு வருடம். உங்கள் ஸ்பெஷல் நாலு வருடப் பட்டம் என்பது நல்ல பலம். செவ்னிங் என்கிற பிரித்தானிய அரசின் புலமைப்பரிசில் கிடைத்தால் படிப்புச் செலவு, தங்குமிடம், விமான டிக்கெட் எல்லாம் அவர்களே தருவார்கள், ஆனால் 2800 மணித்தியால வேலை அனுபவம் கேட்பார்கள். அதில் பகுதிநேர வேலையும் தொண்டு வேலையும் சேரும், ஆகவே எங்கே, எத்தனை மணித்தியாலம் என்று எழுதி வையுங்கள். முடிந்ததும் நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். இந்தியா என்றால் ஐ.சி.சி.ஆர். (இந்தியக் கலாசார உறவுகள் பேரவை) புலமைப்பரிசில் இருக்கிறது, இந்திய உயர்ஸ்தானிகராலயம் அறிவிக்கும்போது விண்ணப்பிக்கலாம். இதற்கெல்லாம் ஏஜென்சிக்காரருக்கு ஒரு சதம் கொடுக்க வேண்டாம். காணியை ஈடு வைத்து அனுப்பி, பிள்ளை படிப்பை விட்டுக் கடைகளில் நின்று கடன் கட்டுகிற வீடுகள் எங்கள் ஊரில் இருக்கின்றன, அதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

உங்கள் ஆய்வைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். புலிபாய்ந்தகல் நல்ல தலைப்பு. வரைபடம் போடுகிற கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், உங்கள் லப்டொப்பிலேயே போடலாம். மாரியில் மேகம் மூடினால் சாதாரண செய்மதிப் படத்தில் ஒன்றும் தெரியாது, சென்டினல்-1 என்கிற ஐரோப்பியச் செய்மதியின் ராடார் மேகத்தையும் ஊடுருவிப் பார்க்கும், அந்தப் படங்களும் இலவசம். வெள்ளத்துக்கு முதல் எடுத்த படத்தையும் வெள்ளத்தில் எடுத்ததையும் ஒப்பிட்டு எந்தக் கிராமம் துண்டிக்கப்பட்டது என்று வரைபடம் போட்டுக் காட்டினால், அனர்த்த முகாமைத்துவம், நீர்ப்பாசனம், தொண்டு நிறுவனம் எங்கே நேர்முகத்துக்குப் போனாலும் மேசையில் வைக்க ஒரு பொருள் இருக்கும். சுனாமிக்குப் பிறகு ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தாலே தொண்டு நிறுவன வேலை கிடைத்த காலம் முடிந்துவிட்டது, இப்போது என்ன செய்யத் தெரியும் என்றுதான் கேட்கிறார்கள்.

மட்டு_புவியியல்:

டீச்சர், நானா, அண்ணா, மூன்று பேருக்கும் நன்றி. எம்.ஏ.யை இப்போதைக்கு விடுகிறேன், அப்பாவிடமும் இதை வாசித்துக் காட்டினேன். நியமனத்துக்கு விண்ணப்பிப்பேன், ஆனால் அதை மட்டும் நம்பிக்கொண்டு இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சிங்கள வகுப்பு செங்கலடியில் தேடுகிறேன். ஒரு கேள்வி, நான் தமிழ் மொழிமூலம், ஆய்வறிக்கையும் தமிழில். வெளிநாட்டுக்கு அது பிரச்சினையா?

கல்லடி_வெளிநாட்டில்:

இல்லை. தமிழிலேயே நன்றாக எழுதுங்கள், உங்கள் கருத்து அதில்தான் தெளிவாக வரும். முடிந்ததும் ஆங்கிலத்தில் ஏழெட்டுப் பக்கச் சுருக்கம் ஒன்று, வரைபடங்களோடு, நீங்களே எழுதுங்கள். யாரையும் கொண்டு எழுதுவிக்க வேண்டாம், நேர்முகத்தில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். இன்னொன்று, மாரி தொடங்க முதல் ஒரு தடவை அங்கே போய் வீட்டுச் சுவர்களில் போன வருட வெள்ளக் கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று நாடாவால் அளந்து குறித்துவிடுங்கள். புது வெள்ளம் வந்தால் எந்தக் கறை எந்த வருடத்தது என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும்.