புதுப்பிப்பு: தகர ரோபோவோடு கிளப்புக்குப் போன கதை

போன மாதம் இங்கே கேட்டிருந்தேனே, 1960களின் ஜப்பானிய தகர ரோபோ ஒன்று கையில் வந்திருக்கிறது, பழைய பேட்டரி கசிந்து அதன் அறை முழுக்கப் பூத்துப்போய்க் கிடக்கிறது, பழைய விண்வெளி பொம்மை சேகரிப்பவர்களின் வட்டாரக் கிளப்பில் போய்க் காட்டலாமா என்று. போனேன்.

முதலில் அடிபாதத்தில் இருந்த டி.என். முத்திரையைப் பார்த்து நொமுரா என்ற ஜப்பானிய பொம்மை நிறுவனத்தின் தயாரிப்பு என்றார்கள். அப்புறம்தான் பேட்டரி. நீங்கள் பலர் வினிகர் போடச் சொன்னீர்கள், நானும் பாட்டிலைத் திறக்காத குறைதான். அங்கிருந்த ஒரு பெரியவர் தடுத்துவிட்டார். வினிகர் ஆல்கலைன் பேட்டரிக் கசிவுக்குத்தான், அந்தக் கசிவு காரத்தன்மை கொண்டது. இதில் ஒட்டிக்கொண்டிருந்ததோ பழைய துத்தநாக-கார்பன் பேட்டரியின் உறை, அதன் கசிவே அமிலத்தன்மை கொண்டது, அதன்மேல் இன்னொரு அமிலத்தை ஊற்றினால் தகரம் என்னத்துக்கு ஆகும்? சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியால் தொட்டுத் தொட்டுத் துடைத்தோம். கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஈரத்தை எடுத்தோம், இல்லையென்றால் துரு பிடித்துவிடும். ஆல்கஹாலை உள்ளே பேட்டரி முனைகளைத் தொடும் உலோகத் தகடுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வெளியே அச்சடித்த வண்ணத்தில் படவே கூடாது.

நடக்கிறது! நெஞ்சு விளக்கு மட்டும் எரியவில்லை, பல்பு போயிருக்கும். ரோபோவுக்கு மாற்றுக் கை வாங்கலாமா என்று கேட்டிருந்தவருக்கு: வாங்குங்கள், ஆனால் விற்கும்போது அந்தக் கை அசல் இல்லை, மறுதயாரிப்பு என்று சொல்லிவிட்டு விற்க வேண்டும், கிளப்பில் இதில் மட்டும் கறாராக இருக்கிறார்கள். சரி, அடுத்த சந்திப்புக்கும் போகிறேன்.