சங்கிலியில் எழுதினால் எழுத்து நம்முடையதாகிவிடுமா?

ஊரப்பாக்கம்_குமரன்

நேற்று வேறொரு திரியில் "பிளாக்செயின் எழுதுகிறவனுக்கு எதற்கு, அது சூதாடிகள் சமாசாரம்" என்று கடுக்காய் எழுதியிருந்தார். அங்கே பதில் சொன்னால் பேச்சு திசைமாறும் என்பதால் இங்கே.

2009இல் வலைப்பதிவு தொடங்கினேன். எட்டு வருடம், நானூறு பதிவுக்குக் கிட்டத்தட்ட. பெரும்பாலும் செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகள், அவற்றின் மதகு, கலங்கல். இடம் கொடுத்த நிறுவனம் ஒருநாள் கடையை மூடியது. முன்கூட்டியே அனுப்பிய மின்னஞ்சல், நான் திறந்தே பார்க்காத பழைய முகவரிக்குப் போயிருந்தது. எழுதியது நான், சேற்றில் இறங்கிப் படமெடுத்தது நான், சாவி மட்டும் அவர்களிடம்.

ஸ்டீமிட் மாதிரி, பிளாக்செயினில் ஓடும் எழுத்துத் தளங்களில் இந்தத் தொல்லை இல்லை. நாம் எழுதும் வரிகள் ஒரே கம்பெனியின் சர்வரில் கிடப்பதில்லை, பிளாக்செயின் என்கிற பதிவேட்டுச் சங்கிலியை ஓட்டும் கணினிகளில் எல்லாம் பிரதி இருக்கும். பதிவுக்கு விழும் வாக்குக்கு ஏழு நாளில் காசும் உண்டு. விளம்பரமும் வேண்டாம், தரகரும் வேண்டாம். 2016லிருந்து ஓடுகிறது. இதில் எங்கே சூது?

கடுக்காய்

ஏரிப் பதிவுகள் போனதில் எனக்கும் வருத்தம்தான் குமரன், சிலவற்றைப் படித்திருக்கிறேன். ஆனால் உதாரணத்துக்கு இந்தத் தளமா கிடைத்தது?

காசை முதலில் பார்ப்போம். அங்கே ஆளுக்கு ஒரு வாக்கு கிடையாது. தளத்தின் டோக்கனை, அதாவது ஸ்டீம் என்கிற டிஜிட்டல் காசை, ஒருவர் எவ்வளவு பூட்டி வைத்திருக்கிறாரோ, அவர் வாக்குக்கு அவ்வளவு கனம். நூறு சாதாரண வாசகர் ரசித்து அமுக்கினாலும் டீக்குத் தேறாது. பெரிய கை ஒன்று அமுக்கினால் விருந்தே சாப்பிடலாம். அதனால் வாக்கை வாடகைக்கு விடும் பாட்கள், அதாவது தானியங்கி நிரல்கள், முளைத்தன. காசு அனுப்பினால் உங்கள் பதிவுக்கு வாக்கு விழும். 2018 ஜனவரியில் ஒரு ஸ்டீம் 8 டாலரைத் தொட்டது, அந்த வருடம் முடியும்போது அரை டாலர்கூட இல்லை. அப்போது பூட்டியதை எடுக்க 13 வாரம், வாரத்துக்கு ஒரு பங்கு. விலை கண்ணெதிரே சரியும், நீங்கள் ரேஷன் கடை வரிசையில் நிற்பீர்கள்.

விலை போகட்டும். 2020 பிப்ரவரியில் டிரான் என்ற இன்னொரு பிளாக்செயினின் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் கம்பெனியை வாங்கினார். ஆரம்பத்தில் கம்பெனி தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட டோக்கன் குவியலும் கூடவே வந்தது. சங்கிலியை ஓட்ட வாக்கால் தேர்வாகிறவர்களுக்கு விட்னஸ் என்று பெயர். அவர்கள் பயந்துபோய் அந்தக் குவியலை முடக்கினார்கள். மார்ச் 2 அன்று பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் என்ற, டோக்கன் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சுகளில் வாடிக்கையாளர்கள் போட்டு வைத்திருந்த டோக்கன்களும் சன் பக்கம் வாக்களித்தன. சில மணி நேரத்தில் முதல் இருபது இடங்களில் இருந்த விட்னஸ்கள் அத்தனை பேரும் வெளியே. நாம் பேங்கில் போட்ட பணத்தை வைத்து மேனேஜர் நம் ஊர்ப் பஞ்சாயத்தைப் பிடித்தால் எப்படி இருக்கும்? அதுதான். பைனான்ஸ் பிறகு தன் வாக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டது வேறு கதை.

ஊரப்பாக்கம்_குமரன்

சரியான இடத்தில் கதையை நிறுத்திவிட்டீர்கள் அண்ணே. மார்ச் 20 என்ன ஆயிற்று? பழைய ஆட்கள் ஹைவ் என்று தனிச் சங்கிலி பிரித்துக்கொண்டு கிளம்பினார்கள். பழைய பதிவுகள், கணக்குகள் அப்படியே அங்கேயும் வந்தன. அதே சாவியை, அதாவது கடவுச்சொல்லை, போட்டால் திறக்கிறது. சன் கைக்கு வந்த குவியல் மட்டும் அங்கே செல்லாது.

கம்பெனி கைமாறியபோது வாடகைக்காரர்கள் வீட்டையே பெயர்த்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போயிருக்கிறார்கள்! என் பழைய வலைப்பதிவில் இது நடக்குமா? மென்பொருளும் பதிவும் திறந்து கிடந்ததால்தான் முடிந்தது. நான் கேட்பது இவ்வளவுதான். காசு இரண்டாம் பட்சம்.

ஆடிட்டர்_அலமேலு

காசு இரண்டாம் பட்சம் என்கிறவர்தான் மார்ச் கடைசியில் பதறிக்கொண்டு போன் செய்வார். இந்தியாவில் இருக்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: டோக்கனை விற்று வரும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30% வரி. ஒரு டோக்கனில் நஷ்டம் என்றால் அதை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. 2022 ஜூலையிலிருந்து விற்கும் தொகையில் 1% டிடிஎஸ் வேறு. விவாதம் தொடரட்டும்.

கேமரா_கந்தசாமி

எழுத்தை விடுங்கள், படக்காரர்களுக்குச் சொன்ன பொய்யைக் கேளுங்கள். 2021 மார்ச்சில் பீப்பிள் என்ற கலைஞரின் டிஜிட்டல் படம் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6.9 கோடி டாலருக்குப் போனதும் என் நண்பர்கள் பாதிப் பேர் என்எஃப்டி, அதாவது படத்துக்குச் சங்கிலியில் எழுதும் உரிமைச் சீட்டு, போட உட்கார்ந்தார்கள். இழுத்தது ஏல விலைகூட இல்லை, ராயல்டி. "படம் எத்தனை கை மாறினாலும் உனக்கு ஒரு பங்கு தானாக வரும், சங்கிலியிலேயே எழுதியிருக்கிறது" என்றார்கள்.

தானாக வராது. ராயல்டிக்கென்று வைத்த ஈஆர்சி-2981 என்ற தரம் "இவருக்கு இவ்வளவு கொடுக்க வேண்டும்" என்று தகவல் மட்டும்தான் சொல்லும். கொடுப்பதும் விடுவதும் விற்கும் சந்தையின் இஷ்டம். பிளர் என்ற என்எஃப்டி சந்தை போட்டிக்கு வந்ததும் ஓப்பன்சீ என்ற பழைய சந்தை 2023 ஆகஸ்டில், இனி ராயல்டியைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை என்று அறிவித்துவிட்டது. தரகர் ஒழிந்தார் என்றார்களே, அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

மணிமேகலை_ப்ரூஃப்

பிழைதிருத்துகிறவளின் கோணத்தில் ஒன்று. அழியாது அழியாது என்று குமரன் சந்தோஷப்படுகிறார். எனக்கு அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. பதிவைத் திருத்தலாம், தளத்தில் திருத்தியதுதான் தெரியும். ஆனால் பழைய வடிவம் சங்கிலியின் வரலாற்றில் இருக்கும், தோண்டத் தெரிந்தவர் எடுத்துவிடுவார். கோபத்தில் ஒருவர் பெயரையும் வீட்டு முகவரியையும் போட்டுவிட்டு மறுநாள் புத்தி வந்தால் என்ன செய்வீர்கள்?

அப்புறம், ஸ்டீமில் சங்கிலிக்குள் போவது எழுத்து மட்டும்தான். படங்கள் வெளியே வேறு சர்வரில். அந்த சர்வர் படுத்தால் உங்கள் மதகுப் படங்கள் போச்சு, "மேலே உள்ள படத்தைப் பாருங்கள்" என்ற வரி மட்டும் சிரஞ்சீவி.

ஊரப்பாக்கம்_குமரன்

படம் விஷயம் உண்மை, யோசிக்கவில்லை.

அழியாமைக்கு ஒன்று சொல்கிறேன். 2018 ஏப்ரலில் பீக்கிங் பல்கலைக்கழக மாணவி ஒருவர் திறந்த மடல் எழுதினார். இருபது வருடத்துக்கு முந்தைய பாலியல் கொடுமைப் புகார் ஒன்றின் விவரங்களைக் கேட்டதற்காகப் பல்கலைக்கழகம் தன்னை மிரட்டுகிறது என்று. சீனத் தளங்களில் போடப் போட அழித்தார்கள். பெயர் தெரியாத ஒருவர் எத்தேரியம் என்ற இன்னொரு சங்கிலியில் பூஜ்யம் ஈத்தர் (அதன் காசு) பரிவர்த்தனை ஒன்று செய்து, குறிப்பு எழுதும் இடத்தில் முழு மடலையும் ஒட்டினார். இன்றும் அங்கே இருக்கிறது. தணிக்கைக்காரர் அதை எங்கே போய் அழிப்பார்? அந்த மடலுக்கு லைக்கும் வேண்டாம், டோக்கனும் வேண்டாம்.

கடுக்காய்

அந்த மடலுக்கு நான் தலைவணங்குகிறேன். அதில் விவாதமே இல்லை. ஆனால் அது அவசரத்துக்குச் சுவரில் எழுதியது. நீங்கள் சொல்வது குடித்தனம் நடத்த.

வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள் என்றீர்களே, மீதியையும் கேளுங்கள். 2020 மே மாதம் பழைய ஸ்டீம் சங்கிலியில் ஹார்ட் ஃபோர்க் என்கிற மென்பொருள் மாற்றம் ஒன்று போட்டு, சன்னை எதிர்த்தவர்கள் கணக்குகளிலிருந்து 2.3 கோடிக்கு மேல் ஸ்டீமை எடுத்துவிட்டார்கள். அன்றைய மதிப்பு ஏறத்தாழ 50 லட்சம் டாலர். கடவுச்சொல்லை யாரும் திருடவில்லை, சாவிகள் உரியவர்களிடமேதான் இருந்தன. விதியையே மாற்றி எழுதினார்கள். ஹைவ்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சன் பக்கம் வாக்களித்த சிலருக்குப் புதுச் சங்கிலியில் டோக்கன் கொடுக்கவில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஊரப்பாக்கம்_குமரன்

அதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணே. இருந்தாலும் நேற்று ராத்திரி ஹைவில் கணக்குத் திறந்துவிட்டேன். மதுராந்தகம் ஏரிப் பதிவு ஒன்றை நினைவிலிருந்து திரும்ப எழுதிப் போட்டேன், இதுவரை மூன்று வாக்கு. படங்களை ஹார்ட் டிஸ்கிலும் வைத்துக்கொண்டேன். சாவியைத் தாளில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன்.

ஆடிட்டர்_அலமேலு

பீரோ சாவி யாரிடம்?

ஊரப்பாக்கம்_குமரன்

வீட்டம்மாவிடம்.